பார்க்கிற கண்ணுக்கு ஒரு கருப்பு

உச்சி வெயிலில் நடுரோட்டில் நின்றுகொண்டு, செத்துப்போன ஒருவரின் படத்தை இரண்டு கையாலும் தூக்கி வானத்துக்குக் காட்டுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எங்கள் முக்கில் நாலு வருஷம் நாங்கள் தினமும் பார்த்தோம். கோவைக்குப் போகிற பஸ் அவருக்காக வேகத்தைக் குறைக்கும். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "இன்னிக்கு யாருங்க?" என்று கேட்பார். அவர் படத்தைக் கொஞ்சம் சாய்ப்பார், கொஞ்சம் நிமிர்த்துவார், பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். செருப்பை ஏன் கழற்றினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு வடகரப்பதி ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கூடவே ஜெராக்ஸ், லேமினேஷன், பஞ்சாயத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அப்போது ஒரு நினைப்பு இருந்தது. இப்போது அது கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுக்கப் போய்விடவில்லை. என் கடைக்கு அடுத்த அறையைத்தான் அவர் வாடகைக்கு எடுத்தார். ஒப்பந்தச் சீட்டில் அவர் பெயரை நானேதான் டைப் செய்தேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் அவரைக் கூப்பிட்டதில்லை. மூணாற்றிலிருந்து வந்தவர், அதனால் மூணாத்துக்காரர்.

மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில், சாம்பிள் பார்க்கிற அறையில் பல வருஷம் வேலை செய்தவர். அந்த அறைக்கு வடக்குப் பக்கம் மட்டும்தான் ஜன்னலாம். தூளின் நிறத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் கணக்கு. வேலையை விட்டபின் அகலமான ஒரு இங்க்ஜெட் பிரிண்டரை வாங்கி வைத்துக்கொண்டு கருப்பு வெள்ளைப் படங்கள் அச்சடிக்க ஆரம்பித்தார். மூணாற்றின் ஈரத்தில் பேப்பர் நெளிந்துபோயிற்று. காய்ந்த காற்று வீசும் ஊர் எது என்று விசாரித்து, கணவாய்க்காற்று நாள் முழுக்க அடிக்கும் எங்கள் ஊரைக் கண்டுபிடித்து இறங்கி வந்தார். வந்த பிறகு, அதே காற்றில் பிரிண்டரின் மைத்துளைகள் காய்ந்து அடைத்துக்கொண்டன. ஒரு வாய் அகன்ற குண்டானில் தண்ணீர் நிரப்பிப் பிரிண்டருக்குப் பக்கத்தில் வைத்தார். ஈரத்துக்குப் பயந்து இத்தனை தூரம் வந்தவர் ஈரத்தைப் பக்கத்தில் வைத்து வளர்க்கிறாரே என்று நான் கேலி செய்வேன். "தேவைக்கு வேணும் தம்பி" என்பார்.

படம் கொண்டுவருகிறவர்களிடம் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சைஸ் என்ன என்று கேட்பார்கள். இவர் கேட்பது வேறு.

"பாக்கப் போறது யாரு?"

"எங்க பெரியப்பனுங்க. போன மாசம் தவறீட்டாருங்க."

"அது படத்துல இருக்கவுக. இத யாரு பாக்கப் போறாகன்னு கேக்கேன்."

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பதில் கிடைக்காமல் அவர் அச்சடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் என் வேலையைப் பார்ப்பேன். பார்க்கப் போகிறவருக்கு என்ன வயது, கண்ணாடி போட்டிருக்கிறாரா, எங்கே உட்கார்ந்து பார்ப்பார், அங்கே ட்யூப்லைட்டா ஜன்னலா. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை விசாரிக்கமாட்டார்கள்.

கலர் படம் கேட்பவர்களைக் கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிடுவார். அவருடைய பிரிண்டரில் கலரே கிடையாது. சிவப்பு, நீலம், மஞ்சள் ஊற்ற வேண்டிய இடங்களில் எல்லாம் விதவிதமான சாம்பல் நிற மைகளை ஊற்றி வைத்திருந்தார். கரித்தூளில் செய்த மை. பாட்டில்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, முழுசு, முக்கால், அரை, கால், அரைக்கால் என்று எழுதியிருக்கும். "சும்மா கருப்புன்னு ஒண்ணு கெடையாது தம்பி. பால் விடாத கட்டன் சாயாவ வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, அடியில செவப்பு தெரியும். கரி மையும் அப்படித்தான், கொஞ்சம் சூடான கருப்பு. அதுல சொட்டு நீலம் விட்டா ஆறிப்போகும். சூடு வேணுமா ஆறுனது வேணுமாங்கறது பாக்கறவுகளப் பொறுத்தது."

அவருடைய அறையை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் வருவது போல ஒரு சுகம். வடக்கு ஜன்னலில் வெள்ளை வேட்டியை மடித்துத் திரையாகக் கட்டியிருப்பார். சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில், வெள்ளையிலிருந்து கருப்பு வரை படிப்படியாக அச்சடித்த சோதனைத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் தொங்கும். காற்று உள்ளே வரும்போது அத்தனை சாம்பலும் ஒன்றாக அசையும். பிரிண்டர் போய்ப்போய் வந்துகொண்டிருக்கும். ஒரு முகம் முழுசாக வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும், முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு கண். கண் வருகிற நேரத்தில் அவர் எழுந்து நிற்பார். பெரியவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது நாம் எழுவோமே, அப்படி. மத்தியானத்தில் கடையில் ஆளில்லாத நேரங்களில் நான் அங்கே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். எத்தனை பேர் அப்படி மெல்ல மெல்ல வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு என்னால் ஆகவேண்டியிருந்தது டிரைவர் விஷயம் ஒன்றுதான். டிரைவர் என்பது கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கும் புரோகிராம். பிரிண்டரோடு வந்த டிரைவர் சாம்பலைக்கூட மூன்று கலரைக் கலந்துதான் உண்டாக்கும். அந்தப் படத்தை ட்யூப்லைட்டின் கீழே மாட்டினால் முகம் பச்சை பூக்கும், ஜன்னல் பக்கம் மாட்டினால் ரோஜா நிறமாகும். "இருக்கையில ஒரு நெறமாத்தான இருந்தாக, செத்த பெறகு எதுக்கு நெறம் மாறணும்?" என்பார். அதனால் வெளிநாட்டில் யாரோ ஒருவர் எழுதிய வேறொரு டிரைவரைத் தேடி எடுத்து நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதில் வெள்ளையிலிருந்து கருப்பு வரைக்கும் எந்த இடத்தில் எந்த மை எத்தனை இறங்க வேண்டும் என்று நாமே கோடு வரைந்து சொல்லலாம். ஒவ்வொரு படத்துக்கும் அவர் புதுக்கோடு வரைவார். ஒரு நாள் அந்தக் கோப்புகளின் பெயர்களைப் பார்த்தேன். 'அரிசி மில் அம்மா', 'போஸ்ட்மேன் சம்சாரம்', 'நல்லேப்பிள்ளி அக்கா, இடது கண்'. செத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

அரிசி மில் அம்மாவின் கதை ஊருக்கே தெரியும். புருஷன் படத்தை மகன்கள் கொண்டுவந்தார்கள். இவர் வீட்டுக்கே போய், அந்த அம்மா பகலெல்லாம் சமையலறை வாசற்படியில்தான் உட்காருகிறார், படம் மாட்டும் சுவர் இரண்டு அறை தள்ளி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். கண் புருவம், மீசை, கன்னத்து நிழல் எல்லாவற்றையும் அழுத்தி அச்சடித்துக் கொடுத்தார். பெரிய மகன் சண்டைக்கு வந்தார். "ஏனுங்க, கிட்டத்துல பாத்தா எங்கப்பன் மொறைக்கறாருங்க."

"நீங்க கிட்டத்துல பாக்காதீக" என்றார் இவர்.

கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வந்தார். வாலிப வயதில் போய்விட்ட தம்பியின் படம். பாக்கப் போறது யாரு என்றதும் குரலைத் தாழ்த்தி, "நாந்தாங்க. வேற யாருமில்ல. எங்க வீட்டுல மாட்டறதில்லீங்களே" என்றார். மூணாத்துக்காரர் உள்ளங்கை அளவில், வழவழப்பில்லாத பேப்பரில், சூடான கருப்பில் அடித்துக் கொடுத்தார். கையில் பிடித்து, கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே பார்க்க வேண்டிய படம் அது. பாய் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றார். இரண்டு பஸ் போனது. அவர் ஏறவில்லை.

என் பெருமையையும் சொல்ல வேண்டும். இத்தனை பழைய கம்ப்யூட்டரை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கிறாரே என்று, அவர் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் நெட் இணைப்பைச் செருகி எல்லாவற்றையும் புதுசாக்கினேன். பிரிண்டரின் சொந்த டிரைவர் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. சாம்பல் மை இருக்கிற இடங்களில் கலர் இருக்கிறது என்று அது நினைத்துக்கொண்டது. அடுத்து அடித்த படத்தில் ஒரு பெரியவரின் வெள்ளைச் சட்டை, மழை ஊறிய சுவர் மாதிரி வந்தது. எல்லாவற்றையும் சரி செய்ய எட்டு நாள் ஆயிற்று. எட்டு நாளும் அவர் சாம்பல் துண்டுகளை அடித்து அடித்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுக்கு நெட்டு வேண்டாம் தம்பி" என்று மட்டும் சொல்லி, இணைப்புத் துளையின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டினார். நல்லது செய்யத்தானே போனேன் என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. நல்லது செய்கிறேன் என்று அவர் வேலையில் நான் கைவைத்தது அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டியிருக்காது.

அப்பா இறந்து வருஷத்திதி வர இரண்டு மாசம் இருந்தது. அப்பாவுக்குக் காமிரா என்றால் ஆகாது. கல்யாண வீடுகளில் படமெடுக்க வரிசையாக நிற்கும்போது பந்திப் பக்கம் போய்விடுவார். கைபேசியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆதார் அட்டையில் ஒரு முகம் இருந்தது, அதை அவர் என்று சொன்னால் அவரே ஒப்பமாட்டார். உருப்படியான படம் ஒன்றே ஒன்றுதான். சொத்துப் பாகம் பிரித்தபோது பதிந்த பத்திரத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படம். தோளின் மேல் பத்திர ஆபீஸ் முத்திரையின் ஊதா வளையம்.

அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருந்தது. கோவையில் பார்த்தோம். போனது போனதுதான், இருப்பதும் மழைக்காலம் முடிகிற வரைக்கும் நிற்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "உங்கப்பன் மொகத்த ஒருக்கா நல்லாப் பாத்துட்டா, அப்புறம் இருட்டானாலும் செரி கண்ணு." இதை நான் மூணாத்துக்காரரிடம் சொன்னேன். அன்று முதல் முறையாக அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கட்டுத் துண்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவை ஜன்னலோரமாகக் கட்டிலில் உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, இதும் அதும் ஒண்ணா, வேறயா?"

"எனக்குச் சீட்டாட்டம் வராதுங்களே" என்றாள் அம்மா.

இருபத்தொரு சாம்பல். இரண்டு இரண்டாக எடுத்து முகத்துக்கு நேரே காட்டினார். வெகுநேரம் ஆயிற்று. அம்மாவால் பிரித்துச் சொல்ல முடிந்தது நாலே நாலு. மற்றதெல்லாம் அவளுக்கு ஒரே புகை. அவர் அதைக் குறித்துக்கொண்டு, சலிக்காமல் மறுபடி முதலிலிருந்து காட்டினார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. மோர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன்.

நான் திரும்பி வரும்போது அம்மா அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்கூட்டுக்காரம்மாவும் தவறீட்டாங்கன்னீங்களே, போட்டோ இருக்குதுங்களா?"

"இருக்கு ஆத்தா. இன்னும் அச்சடிக்கல."

"ஏனுங்க?"

"நான் பாக்கணும்னா எந்தக் கருப்புன்னு எனக்கே பிடிபடல."

அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு அது விளங்கியது போலத்தான் இருந்தது.

பதினைந்து நாள் கழித்துப் படம் வந்தது. நான் பார்த்ததும் என் முகம் சுருங்கிவிட்டது. முத்திரையின் ஊதா வளையம் போயிருந்தது, அது சரி. ஆனால் அப்பாவின் முகத்தில் மிருதுவான சாம்பலே இல்லை. அடுப்புக்கரியால் தீட்டியது போல ஒரு பக்கம் கன்னங்கருப்பு, ஒரு பக்கம் வெள்ளை, மொத்தமே வெட்டுவெட்டாக நாலு படி. கண் இரண்டு குழி. அப்பாவின் சாந்தம் எங்கே, சிரிக்கப்போகிற அந்த உதடு எங்கே.

"இது எங்கப்பா இல்லீங்ண்ணா" என்றேன்.

"உங்களுக்கு அடிக்கல தம்பி" என்றார்.

திதிக்கு நல்லேப்பிள்ளி மாமா வருவார், அத்தைகள் வருவார்கள், பங்காளிகள் வருவார்கள். அப்பனுக்கு இப்படி ஒரு படமா என்று நாலு பேர் கேட்பார்களே என்பதுதான் என் நெஞ்சில் ஓடியது. அம்மாவைப் பற்றி ஒரு கணம்கூட நினைக்கவில்லை, அதுதான் உண்மை. கரிப்படத்தைப் பழைய சேலை ஒன்றில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினேன். கடையில் என் சாதாரணப் பிரிண்டரில், அதன் சொந்த டிரைவரில், கருப்பு வெள்ளை என்ற கட்டத்தைத் தட்டி, மிருதுவான சாம்பலில் அழகாக ஒன்று அடித்தேன். சட்டம் போட்டு மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். "அப்படியே இருக்கறாப்பல இருக்குதுடா" என்று மாமா என் தோளைத் தட்டினார்.

அம்மாவை அத்தைகள் கைபிடித்துக் கூட்டிவந்து படத்தின் முன்னால் நிறுத்தினார்கள். அம்மா நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். "நல்லாருக்குது" என்றாள்.

மூணாத்துக்காரரும் சாப்பிட வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. இலையில் போட்டதை ஒன்று விடாமல் சாப்பிட்டு, கையைக் கழுவி, அம்மாவிடம் போய் "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்மேல் கோபப்படுவார் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். தினமும் வழக்கம்போல என்னிடம் பேப்பர் வாங்கினார், பஸ் நேரம் கேட்டார், சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை என்ன பாடுபடுத்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு ஒரு காலையில் அறையைக் காலி செய்தார். மகளுக்குப் பிரசவம், மேலே மூணாற்றிலேயே இருந்துவிடப் போகிறேன் என்றார். பிரிண்டரைப் போர்வையில் சுற்றி ஜீப்பில் ஏற்றினோம். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நின்றார்.

"அம்மா அன்னைக்குப் படத்தப் பாத்து என்ன சொன்னாக?"

"நல்லாருக்குதுன்னாங்க."

"என்னத்தப் பாத்தாகன்னு சொன்னாகளா?"

நான் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். பின்னாளில் அவர் எண்ணுக்கு எத்தனையோ தடவை அழைத்துவிட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று மலையாளத்தில் ஒரு பெண்குரல் சொல்கிறது. அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது.

அவர் ஜீப்பில் போன அன்று, கடையை அடைத்துவிட்டு நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அப்பா போட்டோ தெரியுதா?"

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கண்ணாடி மினுங்கறது தெரியுது கண்ணு. நீ மாட்டுனதுனால அவருதான்னு நெனச்சுக்கறேன்."

"அன்னிக்கு நல்லாருக்குதுன்னியே."

"நீ சங்கடப்படுவயேன்னு சொன்னேன்."

பீரோவைத் திறந்து, சேலையைப் பிரித்து, கரிப்படத்தை எடுத்துவந்தேன். அழகான படத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டக்கூடப் பொறுமையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில், அவள் முகத்துக்கு நேரே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா முதலில் பின்னால் சாய்ந்தாள். பிறகு மெல்ல முன்னால் வந்தாள். அவள் கை நீண்டு, படத்தில் அப்பாவின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"காலரு ஒரு பக்கம் உள்ள மடிஞ்சிருக்குது பாரு. பத்திர ஆபீசுக்குப் பொறப்படறப்பவே சொன்னேன், நேராக்கீட்டுப் போங்கன்னு. கேட்டாத்தான."

நான் குனிந்து பார்த்தேன். பத்திரத்தில் எத்தனையோ தடவை பார்த்த படம். காலர் ஒரு பக்கம் மடிந்துதான் இருந்தது. அம்மா அதை விரல் நுனியால் இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. துடைத்தால் படம் மறைந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"இத்தன நாளா இவர எங்கடா வெச்சிருந்தே?" என்றாள்.

"பீரோவுலம்மா" என்றேன்.